காகிதப்பட்டறை வழியாக

ஃபைல் இங்கே இல்லை.
மும்பையில் எவரோ வாடகைக்கு விட்ட
குளிரூட்டிய அறையில் இருக்கிறது.
நான் இருப்பது காகிதப்பட்டறையில்,
பிரியாணிக் கடைக்கு மேல், இரண்டாம் மாடி.
இந்த இடத்தின் பேரில் மட்டும்தான் காகிதம்.

ஸ்கேன் சென்டர்காரர் கேட்டது ஒரே ஒரு பொத்தான்.
"அமுக்கினா எறங்கணும், அவ்ளோதாம்மா."
அமுக்கினால் திறந்துகொண்டது.
லாட்ஜ் வரவேற்பறைக் கணினியில்
திரை முழுக்க ஒருத்தியின் இடுப்பெலும்பு,
சாவி வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க.

ஒரு வரி சேர்த்தேன்.
இது காட்சிக்கு அல்ல, கையில் கொடுப்பதற்கு என்று
பிரவுசரிடம் முன்கூட்டியே சொல்லும் வரி.
மொய்க்கவரை மேடையிலேயே பிரிக்க மாட்டோமே,
அந்த மரியாதை.

மும்பை விலாசத்தையே கொடுத்துவிடலாமே என்றான் தீனதயாளன்.
கொடுக்கலாம்.
அதன் வாலில் ஓர் எண்ணை மாற்றினால்
அடுத்தவர் நுரையீரல் வரும்.
அதனால் எல்லாம் என் வழியாகத்தான்:
யாரென்று கேட்டு, சீட்டைப் பார்த்து,
உள்ளே போய் எடுத்துவந்து தருவது.

முதலில் முழுசாக வாங்கிக்கொண்டு, பிறகு கொடுத்தேன்.
நானூறு எம்பி. ஒருவர் வந்தால் தாங்கியது.
ஒரு திங்கட்கிழமை பதினொரு பேர் வந்தார்கள்.
சர்வர் படுத்துவிட்டது.

இப்போது அறுபத்து நாலு கேபி, அறுபத்து நாலு கேபியாக.
தளம் போடும் அன்று கலவைச் சட்டி கைமாறுமே, அப்படி.
நடுவில் நிற்பவள்
எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை.

இரவு பத்தே முக்காலுக்குக் காட்பாடி பிளாட்பாரத்திலிருந்து போன்.
சுபோத் மைத்தி, மேதினிபூர்.
பாபுராவ் தெருவில் இருபது நாள் தங்கிக் கற்ற தமிழ்:
"அக்கா, ஃபைல் வருது. உள்ள இல்ல."

சுழியம் பைட்.
தேதி இருக்கிறது, பேருக்கு ஓர் இடம் இருக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
நீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அவர் அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்,
ஆட்டோவில், அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.
ஆனால் பாலாறு மணலுக்கு அடியில் இருக்கிறது.
தோண்ட வேண்டும்.

தோண்டினேன்.
அம்மாவின் பேரை வங்க எழுத்திலேயே பதிந்திருக்கிறார் யாரோ.
என் வரிக்கு அந்த எழுத்து தெரியாது.
பேரைச் சொல்லத் தடுக்கி விழுந்து
பொருளை அனுப்பாமலே இருந்திருக்கிறது.
நிருபமா என்பவள் என் திரையில் ஐந்து கேள்விக்குறி.
வெட்கமாக இருந்தது.
என் பேரும் எத்தனையோ படிவங்களில்
கட்டம் கட்டமாக வந்ததுதான்.

ஓடுகிற சர்வரில் கை வைக்காதே என்பான் தீனா.
வைத்தேன்.
அந்தப் பக்கம் போய் மறுபடி எழுத்தாக விரியும்படி
பேரைக் குறிகளில் மடித்து வைத்தேன்.

"இப்ப அமுக்குங்க."

போனுக்குள் மூன்று மொழியில் அறிவிப்பு, பெட்டி இழுபடும் சத்தம்.
ஏழு சதம். இருபத்தொன்று. நாற்பது.
வண்டி நகர்ந்தது.
நாற்பத்து மூன்றில் அறுந்தது, போனும்.

விட்ட இடத்திலிருந்து கேட்டால் தரும்படி
போன மாதம் அரைத்தூக்கத்தில் நாலு வரி எழுதினேன்.
சோதித்துப் பார்த்ததில்லை.
கீழே பிரியாணிக் கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.
டீயும் கிடைக்காத நேரம்.

பன்னிரண்டு பத்துக்கு,
ஆந்திர எல்லைக்குள் ஏதோ ஒரு டவரின் கீழிருந்து
ஒரு கேள்வி வந்தது:
நாற்பத்து மூன்றுக்கு அடுத்தது என்ன?

கொடுத்தது.
சட்டி சட்டியாய், கடைசிப் பைட் வரை.

அதற்குள் இருந்தது நல்லதா கெட்டதா, தெரியாது.
எனக்கு அது தெரியாமலிருக்கவும்
நான்தான் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

நாளைய பட்டியலில் ஆம்பூர்க்காரர் ஒருவர்.
பேர் உருதுவில்,
வலமிருந்து இடம்.
அது எங்கே தடுக்குமோ.