பதினொன்று

விழுந்தது மூன்றாம் தட்டிலிருந்து.
முறிந்தது பதினொன்றாம் முள்ளெலும்பு.
கணக்கு உதைக்கிறதே என்று
சோஹார் ஆஸ்பத்திரியில்
மயக்கத்தில் சொன்னேனாம்.

சாரம் கட்டியவன். வேறென்ன சொல்வேன்.

மரிசெல் பேனா மூடியால் தொடையைக் குத்தி
"தெரியுதா?" என்பாள்.
என் பெயர் தொம்மை,
தொட்டுப் பார்க்காமல் நம்பாதவனின் பெயர்.
தொட்டும் பார்த்தேன்.
கை காலை அறிந்தது.
கால் கையை அறியவில்லை.

டாக்டர் இஹ்சான் ஒரு தாள் நீட்டினார்.
போன இரண்டு வாரத்தில்
எத்தனை நாள் மனம் சோர்ந்தாய்,
தூங்காமல் கிடந்தாய்,
பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் வட்டமிடு.
எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன்.
இருக்கவே வேண்டாமென்று தோன்றியதா என்ற
ஒன்பதாவதற்கும்.
அவர் தாளைத் திரும்ப வாங்கவில்லை.
ஏசி சொட்டுவதை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு
ஒன்பதை மட்டும் அடித்துத் திருத்தினேன்.

பிஜு ஆரஞ்சுப் பழங்களும் வரைபடச் சுருளுமாய் வந்தான்.
"சும்மா பார்த்துச் சொல்லு, பொழுது போகும்."
பரிதாபத்துக்கு டெட்டால் வாசனை.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
இரவில் பிரித்தேன்.
ஏழாவது சட்டத்தில் குறுக்குக் குழாய் இல்லை.

"இதில் ஏறப்போகிறவன் யார்?"
"பெயர் எதுக்குடா?"
"சொல்லு."
"தேக் பகதூர். இருபத்திரண்டு வயசு."
சிவப்பு மை கேட்டு வாங்கினேன்.

துறைமுக யார்டில் இப்போது எனக்கொரு கேபின்.
முதல் நாள் நான் நிராகரித்தது
எனக்காகப் போட்ட சரிவுப் பலகையை:
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும்,
ஆறடியில் முடித்திருந்தார்கள்.
மாலை வரை வெயிலில் காத்திருந்து
சரியானதில்தான் ஏறினேன்.

சம்பளம் பாதி.
"ஆபீஸ் வேலை" என்றேன் பிளாரன்ஸிடம்.
"அது சரி, மூத்திரப் பையை யார் மாத்துறது?"
நானேதான், என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்து
"அப்படின்னா சரி" என்றாள்.

கால்மணிக்கொரு முறை செல்போன் அலறும்.
நாற்காலியின் கைகளை ஊன்றி
உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், புண் வராதிருக்க.
இன்னும் சில செவ்வாய்க்கிழமைகளில்
அலாரத்தை அணைத்துவிட்டு
அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.
இஹ்சானிடம் அதையும் சொல்லியாயிற்று.

ஏழாவது சட்டத்திலிருந்து
தேக் பகதூர் சிரித்துக் கையாட்டுகிறான்.
நான் கையைப் பார்க்கவில்லை.
இடுப்புக் கொக்கி
மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.