ஏழுக்கு ஒரு குறுக்குக்கோடு

பள்ளத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு
இரண்டு தெருவில் வாசல்.
முகப்பு மேலத்தெருவில்;
பூட்டிய சாவியோடு வீட்டுக்காரர்கள் பினாங்கில்.
எனக்குக் கீழத்தெருப் பக்கம்,
கடைசிக் கட்டு,
ஓர் அறை, ஓர் அடுப்படி, மாதம் மூவாயிரம்.
நடுவில் ஆறு பூட்டும் நிறையப் புறாக்களும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு எப்போதும் ராத்திரி டூட்டி.
காரைக்குடி பஸ்ஸில் ஒன்பதுக்கு வந்திறங்கிப்
பத்துக்குப் படுத்தால்
தெருவில் எது விற்றாலும் காதில் விழாது.

கேஸ் வண்டி பதினொன்றுக்கு.

முதல் தடவை கதவைத் தட்டினார்.
ஓடிபியைத் தூக்கத்தில் தப்பாகச் சொன்னேன்.
மறுபடி தப்பாகச் சொன்னேன்.
மூன்றாம் தடவை சரியாக,
ஆனால் கத்திச் சொன்னேன்.
சாத்திய கதவுக்கு வெளியே ஒரு குரல்:
"சாக்பீஸ் இருந்தா கதவுல எழுதிட்டுத் தூங்குங்க."

அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.
சிலிண்டர் சுவருக்கு வெளியே,
ட்யூப் மட்டும் துளை வழி உள்ளே என்பதால்
மாட்டுவதும் அவரே.
எழுந்து பார்த்தால்
நான்கு எண்களும் துடைத்திருக்கும்,
செங்கல்லுக்கு அடியில் பில்லில் மடித்த மீதிச் சில்லறை,
இரும்பு தரையில் இடிக்காமலிருக்க விரித்த
சாக்குத் துண்டின் நார் இரண்டு.
ஒருமுறை சாக்பீஸ் தீர்ந்து
கண் மையால் எழுதி வைத்தேன்.
அடுத்த முறை செங்கல் மேல்
புதுசாக இரண்டு, ஒன்று மஞ்சள்.

இரண்டு வருஷம்.
முகம் பார்த்ததில்லை.

மாசியில் ஒரு புதுப்பையன் வந்தான்.
மேப் அவனை மேலத்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது.
பதினோரு மிஸ்டு கால்.
நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
தெருவைச் சுற்றி ஓடினேன்;
யானை நுழையும் கதவுக்கு முன்னால்
சிலிண்டர் மேலேயே உட்கார்ந்திருந்தான்.
"இதானக்கா வாசல்னு காட்டுது."
பழைய ஆள் எங்கே?
"இடுப்பு புடிச்சிருச்சாம்."

அந்த வாரமே, எட்டாம் பெட்டில்,
சேவுகன், ஐம்பத்திரண்டு, டிஸ்க் விலகல்.
எனக்கு அது இன்னொரு கேஸ் ஷீட்.
நாடி பிடித்தேன். எழுபத்தேழு.
எழுதினேன்.
நான் ஏழுக்கு வயிற்றில் ஒரு கோடு இழுப்பேன்,
ஒன்றோடு குழம்பாமலிருக்க,
டிரெயினிங்கில் வந்த பழக்கம்.
படுத்தபடியே சார்ட்டை எட்டிப் பார்த்தவர்
வலியோடு சிரித்தார்.
"கீழத்தெரு கடைசிக் கதவா?"

குரலைக் கேட்ட பிறகுதான்
முகத்தைப் பார்த்தேன்.
காதோரம் நரை, உடைந்த முன்பல்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
"இப்ப வலி பத்துக்கு எத்தனை?" என்றேன்.
"உங்க ஏழு" என்றார்.

இரண்டு மணிக்கு மாத்திரை.
என்னை எழுப்பாத மனிதரை
எழுப்பிக் கொடுக்க வேண்டும்.
கையில் டம்ளரோடு நின்றேன்.
வாய் திறந்து, கை மார்பில் கிடக்க,
அப்போதுதான் அயர்ந்திருந்தார்.
அரைமணி தள்ளிக் கொடுத்தேன்.
சார்ட்டில் இரண்டு என்றே எழுதினேன்;
ஹெட் சிஸ்டர் இதைப் படிக்க வேண்டாம்.

விடியற்காலை டூட்டி மாறும்போது கூப்பிட்டார்.
நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"பையன் வாஷர் மாத்துனானா?
உங்களோடது இறுகிப்போச்சு,
இந்தத் தடவை மாத்தணும்னு வச்சிருந்தேன்.
சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க.
பாக்காமப் படுக்காதீங்க."

பஸ் இறங்கி, தோள்பையைக்கூடக் கழற்றாமல்
சோப்பைக் கரைத்து
ரெகுலேட்டர் கழுத்தில் தடவினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கடுகளவு ஒரு குமிழ்,
மிளகளவு,
உடைந்தது.
அதே இடத்தில் இன்னொன்று.

மூடிவிட்டு
டீக்கடைக்கு நடந்தேன்.