ஆறரை சென்டிமீட்டர்

கதவைச் சாத்த அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
திரியெஸ்தேயில் போரா காற்றுக்கு இன்று மூன்றாம் நாள்.
தெருமுனைக் குப்பைத்தொட்டி நிறையக்
கம்பி முறிந்த குடைகள்.
நிவெஸ் உட்கார்ந்தாள்.
தலைக்கவசத்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள்,
யாரோ எடுத்துப் போய்விடுவார்கள் என்பதுபோல.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
கப்பலின் வயிற்றைப் பெட்டி பெட்டியாகக் காலிசெய்கிறவள்.
"என் முகத்துக்கு எவ்வளவு நீளம், ஓந்தினா?
நீயே சொல். ஒன்றுமட்டும், இந்தத் தாடை தெரியக் கூடாது."

இருபத்தாறு வருடமாக இதே கேள்வி.
முதலில், எல்லோரும் நம்புகிற வித்தையைச் செய்வேன்:
தாடைக்கடியில் கிடையாக ஒரு பென்சில்,
காதுமடலிலிருந்து நேர்கீழே ஓர் அளவுகோல்.
ஐந்தே முக்காலுக்குக் குறைந்தால் குட்டை முடி,
கூடினால் நீள முடி.
நிவெஸுக்கு ஆறரை.

"அப்படியென்றால் வளர்க்கணுமா?"
பென்சில் அப்படித்தான் சொல்கிறது, என்றேன்.
பென்சில் உன் முடியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

நான் தொட்டுப் பார்த்தேன்.
தேயிலைப் பையின் நூல்கூட இதைவிடக் கனம்.
தோளைத் தாண்டியதும்
முடிப்பதா வேண்டாமா என்று தெரியாத பேச்சாக
இழுத்துக்கொண்டே போயிற்று.
மெல்லிய முடிக்கு நீளம் என்பது கடன்,
வட்டி கட்டியே நுனி இளைத்துவிடும்.
நேராக ஒரே கோட்டில் நறுக்கினால்
உள்ளது கொஞ்சமே ஆனாலும் நிறைய என்று காட்டலாம்.

தோளோடு நிறுத்தலாமா என்றாள்.
தோளைத் தொடும் முடி அதிலேயே இடித்துக்கொண்டு
வெளிப்பக்கம் மடங்கும்,
கிளம்பிவிட்டு வாசலிலேயே பேசிக்கொண்டிருக்கிற விருந்தாளி.

உலர்த்தியின் கீழிருந்து ஸ்வோங்கா குரல் கொடுத்தாள்:
"என் சுருட்டையைக் கேள்!
ஈரத்தில் அளந்தால் வாயைத் திறக்காது,
காய்ந்ததும் நாலு விரல் மேலே ஏறி உட்காரும்.
மூன்று கல்யாணத்துக்கும்
தப்பான நீளத்தோடுதான் போனேன்."
மூன்று மாப்பிள்ளைகளைப் பற்றி
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் தாடைக்கு ஒரு விரல் கீழே.
நெற்றியில் கொஞ்சம் சரித்துவிட்டேன்,
பக்கங்களில் திரைபோல இறக்கினேன்.
கவச வார் வருடக்கணக்காய் அழுத்திய கோடு
திரைக்குப் பின்னால் போய்விட்டது.
பின்கண்ணாடியைக் காட்டினேன். தலையசைத்தாள்.
அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும்.
செருப்புக்கடையில், கடிக்கிற செருப்பை
"பரவாயில்லை" என்று வாங்குகிறவர்களின் தலையசைப்பு.

வெளியே போனாள்.
முனை திரும்பும் இடத்தில் காற்று அவளைப் பிடித்தது.
முக்கால் மணிநேர வேலை ஒரு நொடியில் பிடரிக்கு ஏறியது.
விளக்குக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்,
நெற்றி, காது, தாடை எல்லாம் வெட்டவெளியில்.
பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.
சிரித்தாள்.
அந்தச் சிரிப்புக்கு அவ்வளவு பெரிய தாடை தேவையாக இருந்தது.

கதவு மறுபடியும் இரண்டு கைக்கும் வேலை வைத்தது.
"காற்று செய்ததைச் செய்," என்றாள். "அது நிற்கிற மாதிரி."

காதுக்கு மேலே. பிடரி ஒட்ட.
அளவுகோலை இழுப்பறையில் போட்டேன்.
ஸ்வோங்கா உலர்த்தியை அணைத்துவிட்டு
நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

அழகாக இருந்ததா? எனக்கு இன்னும் நிச்சயமில்லை.
இடது காதுக்குப் பின்னால் ஒரு சுழி
நான் சொன்னதைக் கேட்கவே இல்லை.
தலைக்கவசத்தை மாட்டினாள், கழற்றினாள்,
இன்னொரு தடவை மாட்டினாள்.
"சரியாக உட்காருகிறது," என்றாள்.
தாடையில் வாரைப் பூட்டிக்கொண்டே போனாள்.

தாடையை அளந்த பென்சிலால் ரசீது எழுதினேன்:
வெட்டு, ஒன்று.
முதலாவதைக் காற்றின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.