நாற்பத்து மூன்றாவது வரி

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினொன்று.
நூலக மாடியில் வார்டு கமிட்டி.
கவுன்சிலர் நாற்காலியில் யாரோ
ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள்.
தேர்தல் வரும்வரை அது ஹெல்மெட்டுக்கு.

நான் தட்டச்சு. ஒப்பந்தம்.
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
புதிதாக வேலைக்குச் சேர்கிறேன்.
அவர்கள் கன்னடத்தில் பேசுவதை
ஆங்கிலத்தில் அடிக்கிறேன்.
கூட்டுவது மட்டும் மனசுக்குள், தமிழில்.

மூன்று கோடி என்றிருந்தார்கள் ஜனவரியில்.
சுற்றறிக்கை வந்தபோது ஒன்றரை.
அதிலும் முதல் வெட்டு பழைய பாக்கிக்கு:
போட்டு, பெயர்ந்து, மறுபடி ஜல்லியாகிவிட்ட
ஒரு சாலையின் பில்.
"இல்லாத ரோட்டுக்கா?" என்றார்
மளிகைக் கடை தங்கப்பழம்.
"இருந்தப்போ கொடுத்த பில்" என்றார்
இன்ஜினியர் திப்பேசாமி.
யாரும் சிரிக்கவில்லை.
அடித்தேன்: நாற்பத்தொரு லட்சம்.

பிறகு ஆளாளுக்கு.
கர்னல் பெல்லியப்பா வரைபடத்தோடு வந்திருந்தார்.
பூங்காவைச் சுற்றி நடைபாதை,
முழங்காலுக்கு இதமாக ரப்பர் விரித்தது.
முழங்கால் வலி பொய்யில்லை,
அவர் மாடி ஏறியதைப் பார்த்தேன்.
ராஜகால்வாயைத் தூர் வாரணும், மே மழைக்குள்.
அதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள்;
போன வருஷம் எல்லோர் வீட்டுக்கும்
வந்துபோன தண்ணீர் அது.
அப்புறம் ஒரு வரவேற்பு வளைவு.
கேட்டது யார் என்று கூட்டக் குறிப்பில் இல்லை.
நான் கோப்பைத் திறக்கும் முன்பே
மூன்றாவது வரியில் நின்றுகொண்டிருந்தது.

சமீனா பேகம் கடைசி பெஞ்சில்.
உருதுப் பள்ளி முனை, சாக்கடைமேல் மூன்று கல்.
ஆகஸ்டிலிருந்து கேட்கிறார்.
இப்போது அங்கே ஒரு கதவு கிடக்கிறதாம்,
எந்த வீட்டுடையதோ, பழைய கதவு.
பிள்ளைகள் அதன்மேல் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.
தாழ்ப்பாள்கூடக் கழற்றவில்லை என்றார்.

நாற்பத்து மூன்றாவது வரி. எண்பத்தோராயிரம்.

கட்டுவதும் வரி,
காகிதத்தில் காத்து நிற்பதும் வரி.
சமீனா பேகம் இரண்டிலும் இருக்கிறார்.
இதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாவதன் கீழே, காற்றில்,
திப்பேசாமி விரலால் கோடு போட்டார்.
திரையில் நான் போட்டேன்.
"இதுக்குக் கீழே எல்லாம் அடுத்த வருஷம்."
கூட்டினேன். மீதி தொண்ணூற்று நாலாயிரம்.
இன்னொரு முறை கூட்டினேன்.
தொண்ணூற்று நாலாயிரத்துக்கு பெங்களூரில்
வளைவின் ஒரு கால்கூட வராது.
"பார்க் போர்டுக்கு பெயின்ட் அடிக்கலாம்"
என்றது ஒரு குரல்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.
ஆனால் மவுஸ் என் கையில்.
தொகை என்ற தலைப்பில் ஒரு சொடுக்கு,
சிறியதிலிருந்து பெரியதுக்கு,
விரல் தவறியதுபோல.
நாற்பத்து மூன்று எம்பி உச்சியில் நின்றது.
வளைவு எங்கோ அடியில்,
கீழே இழுத்தால்தான் தெரியும்.

மின்விசிறிச் சத்தம்.
கர்னல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
சத்தமாகப் படித்தார்: "கல். மூணு."
திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.
"மூணே மூணா?"

திப்பேசாமி என்னைப் பார்த்தார்.
"பழையபடி வை."
வைத்தேன். வளைவு மூன்றாவதில் ஏறிக்கொண்டது.
டீ வந்தது. டீயை ஊதிக்கொண்டே
"அந்தக் கல்லைப் பதிமூணாவதா போடு" என்றார்,
யாரையும் பார்க்காமல்.

போட்டேன்.
போட்ட பிறகுதான் பார்த்தேன்:
எண்பத்தோராயிரத்துக்கு மேல் வரி பதினெட்டு சதவீதம்.
ஆயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபாய் இடிக்கிறது.

சமீனா பேகம் படியிறங்கும்போது
கையால் கேட்டார், ஆச்சா?
தலையாட்டினேன்.
திங்கட்கிழமை வரை கோப்பு என்னிடம்தான்.