அரைக்கு இடமில்லை

வடக்கு டிவிசனுக்கு லொறி ஏறாது.
பாலம் வரைக்கும் ஓட்டோ, அதற்கப்புறம் என் கால்.
பொலித்தீனில் சுற்றிய படிவக்கட்டு
அக்குளில் சூடாகி, நனையாமல் வந்து சேர்ந்தது.

நாற்பத்தொரு காம்பரா.
கட்டடம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
தகரம் பறக்காமலிருக்கக் கல்லேற்றி வைத்ததையும்
கட்டடம் என்றே எழுதினேன்.

மேட்டு லயத்தில்
பூட்டு. பூட்டு. கதவே இல்லை. பூட்டு.
ஐந்தாவதில் யோகமணி, படங்கை உதறிக்கொண்டு:
"எத்தன பேருன்னா, டீச்சர்?
நேத்து பதினாறு கிலோ.
ரெண்டு கொறஞ்சதுக்கு அரைப் பேர் போட்டுட்டாங்க.
நான் எவ்வளவுன்னு
நீங்களே பாத்து எழுதிக்கங்க."

குடும்பத் தலைவர்?
சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனைக் காட்டினாள்.
அவர் வத்தளையில், ஹாட்வெயார் கடையில்.
மகள் ஜோர்தானில், தையல் மெஷினில்.
ஓட்டு இங்கே, தூக்கம் அங்கே,
சண்டை மட்டும் இரண்டு இடத்திலும்.
வழக்கமாக வசிப்பவர் என்ற கட்டத்தில்
அவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.
ஈரச்சுவரில் இலக்க ஸ்டிக்கர் ஒட்டவில்லை.
பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து
நசுக்கித் தடவி, அவளே ஒட்டினாள்.

அடுத்த வீட்டில் ஏழு பேர், அதற்கடுத்ததில் பன்றி வலை.

இனம் என்ற இடத்தில்
இரண்டு பெயர், நடுவில் ஒரு சாய்கோடு.
முத்துவீரனிடம் வாசித்துக் காட்டினேன்.
"இந்தியாவா? நான் கண்டிக்கே நாலு தடவதான் போயிருக்கேன்,
அதுல மூணு ஆஸ்பத்திரிக்கு."
பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.
"இதுல எந்தப் பக்கம் தாயி எங்க வீடு?"
பத்துக்குப் பன்னிரண்டு அடியில்
ஒன்பது பேர் படுத்தெழும்பிய மனுசன்.
அவருக்கே அது ஒடுக்கமாய்த் தெரிந்திருக்கவேண்டும்.

பணிய லயத்துத் தொங்கலில்
காவல்கார சோமதிலக்க, அவர் மனைவி புஷ்பகாந்தி.
பிள்ளைகளின் இனம் என்றேன்.
அவர் அவளைப் பார்த்தார், அவள் அடுப்பைப் பார்த்தாள்,
கேத்தல் பொங்கி வழிந்தது.
மூத்தவன்தான் பதில் சொன்னான்:
"ஏழாம் ஆண்டு."
சிரித்தோம். நான் அப்பனின் இலக்கத்தை எழுதினேன்,
அழித்தேன்,
திரும்பவும் அதையே எழுதினேன்.
இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இறங்குகையில் பெரட்டுக்களம்.
கரும்பலகையில் நேற்றைய கணக்கு அழியாமல் கிடந்தது:
பதினேழரை.
அந்த அரை யாருடையதென்று எனக்குத் தெரியும்.
அது காலையில் எனக்குச் சோற்றுப் பருக்கை எடுத்துத் தந்தது.

மழை பிடித்துக்கொண்டது.
ஸ்டோர் தாழ்வாரத்தில் ஒதுங்கிக் கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் இருமுறையும் ஒத்துவந்தது.
கொழுந்து நிறுக்கக் காத்து நின்ற வரிசையிலிருந்து
யோகமணி எட்டிக் கேட்டாள்:
"எனக்கு எவ்வளவு போட்டீங்க?"
"ஒண்ணு."
"முழுசாவா?"
"இதுல அரைக்கு இடமே இல்ல."
தராசுக்காரன் அவள் பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான்.
அவள் முள்ளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பாலத்தடியில் ஓட்டோக்காரப் பையன்
சீட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"மேல இன்னும் ஆளுங்க இருக்காங்களா, மிஸ்?"
"அம்பத்தேழு."
"சுமாராவா?"
"இல்ல," என்றேன்.