இருபத்தொன்பதாம் கிலோமீற்றர்

அறிவியல் நகரில் ஒரு துடிப்பை விட்டால்
அது ஓடிப்போய் முறிவில் முட்டி
திரும்பி வந்து சொல்லும்:
இருபத்தொன்பது கிலோமீற்றர், நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
சொல்வது நாரின் நீளம்.
நிலத்தின் நீளம் வேறு.
குழிகளில் சுருட்டிவைத்த மிச்சங்களைக் கழித்துக் கழித்து
சாரதி றொக்சனும் நானும் நடந்தோம்,
கனகராயன்குளத்துக்கு வடக்கே
கார்த்திகை மழை மூச்செடுத்த இடைவெளியில்.

வெடி அகற்றிய சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது.
அதில் எழுதிய ஆழம் ஒரு சாண்.
கேபிள் கிடப்பது நாலடியில்.
இடைப்பட்ட மண்ணுக்கு
எவரும் கையெழுத்து வைக்கவில்லை.

எட்டு வளாகங்கள் காசு சேர்த்து இழுத்த கேபிள்.
உள்ளே இருபத்து நான்கு நார்.
நாலில்தான் ஒளி.
மற்ற இருபதும் இருட்டாகவே கிடக்கின்றன,
இன்னும் பிறக்காத பிள்ளைகளின் பேரில்
எழுதிவைத்த காணியைப் போல.

விவசாய பீடத்துக் கலாநிதி மங்களரூபி
ஆறாவது தடவை ஃபோன் எடுத்தார்:
மொட்டைக்கறுப்பன் நெல்லின் மரபணு
பேராதனைக்குப் போகிற வழியில்
எழுபத்தொரு வீதத்தில் நிற்கிறதாம்.
எங்கே நிற்கிறது என்று
அப்போது எனக்கும் தெரியாது.

மதகடியில் நின்றது.
மழை அரித்துக் குழாய் வெளியே தெரிந்த இடம்.
ஒரு சைக்கிள், உரப்பை நிறையத் தகரம், வேலிக்கம்பி.
பக்கத்தில் குந்தியிருந்தவர் ஓடவில்லை.
மடியில் மூன்று மீற்றர் கேபிள் பிளந்து கிடந்தது,
நீலமும் செம்மஞ்சளும் பச்சையும் கபிலமுமாய்
ஏதோ பொம்மையின் தலைமயிர் போல.

“செம்பெண்டு நினைச்சன். கண்ணாடியெல்லோ கிடக்கு.”
குரலில் ஏமாற்றப்பட்டவரின் கோபம்.
“கண்ணாடி கிலோ என்ன விலை பிள்ளை?”
“ஒரு நாரில ஒரு கிலோ சேர்க்க
இஞ்சயிருந்து வவுனியா மட்டும் உரிக்கவேணும் அண்ணை.”
கொஞ்சநேரம் கணக்குப் பார்த்தார்.

“உதுக்குள்ள என்ன ஓடுது?”
“வெளிச்சம்.”
நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
பாய்ந்து கையைப் பிடித்தேன்.
கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும் என்றேன்.
“தெரியாமல் சுடுறது எங்களுக்குப் புதிசே?”

தறப்பாள் கட்டினோம். ஜெனறேற்றர் இருமியது.
உரித்து, துடைத்து, வெட்டி
இரு நுனிகளையும் கருவியில் வைத்தால்
திரையில் இரண்டு பாலை மரங்கள்
அடிமரத்தோடு அடிமரம் பார்த்துக் கிடக்கும்.
ஒரு பொறி.
பிறகு எந்த மரம் எது என்று தெரியாது.
இப்படி நாற்பத்தெட்டுத் தடவை.

வெட்டிய துணுக்குகளைப் போத்தலில் போடவேண்டும்.
தோலுக்குள் ஏறினால்
எக்ஸ்றேயிலும் பிடிபடாது என்று சொன்னேன்.
“என்ர பிடிபடும்” என்றார். “தோளில ரெண்டு கிடக்கு.
விக்கேலாத இரும்பு.”
அதன்பிறகு போத்தலை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.
பெயர் புவனேந்திரன் என்று
இருபதாவது ஒட்டில் சொன்னார்.

“ஆரின்ர வயர் இது?”
“பல்கலைக்கழகங்களின்ர. வாடகை இல்லை. சொந்தம்.”
“உறுதியோ, பெமிற்றோ?”
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
முப்பது வருஷமாய் பெமிற்றுக் காணியில்
தென்னை வைக்கலாமா என்று யோசிப்பவர்
கேட்ட கேள்வி அது.

விடியப்புறம் மூன்றரைக்கு ஒளி ஏறியது.
எதுவும் பிரகாசிக்கவில்லை.
தறப்பாளில் மழை, றொக்சனின் குறட்டை,
மங்களரூபியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
எழுபத்திரண்டு.

அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.
சைக்கிள் அப்போது மாங்குளம் றோட்டில்
தகரம் கிலுங்கப் போய்க்கொண்டிருந்தது.
காட்டுப்பன்றி, என்று எழுதினேன்.

போன மாதம்
ஓமந்தைப் பக்கத்து முறிவுக்கும் காட்டுப்பன்றிதான்.
எழுதியவர் விமலகாந்தன்.
அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.