ஏழு மணியில்

ஆறாம் எண் அறைக்குச் சன்னல் இல்லை.
கட்டியவர் யாரோ, நல்ல மனசு.
வெளியே பிற்பகல் இரண்டரை,
உமேயோ நகரத்து டிசம்பருக்கு
அதற்குப் பேர் ராத்திரி.

யோர்டிஸ் வருகிறாள். கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே
நாற்காலி விளிம்பில்
இடப்பக்கம் மட்டும் பட உட்காருகிறாள்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
நள்ளிரவு ஒன்று முதல் காலை ஒன்பது வரை
பாதி இடுப்பில் அமர்ந்து
ஊருக்குப் பாதை திறந்துவிடுகிறவள்.
ஒன்பது வருஷம். மூன்று ஸ்கேன். ஓர் அறுவை.
"ஒன்றுமில்லை" என்று முடிகிற ஐந்து கடிதங்கள்.

அந்த ஒன்றுமில்லையைத் தொடுவதுதான்
என் உத்தியோகம்.

கையுறை, ஜெல், ஒரு விரல்.
அதற்கு முன்னால் ஒரு கேள்வி:
தொடலாமா?
ஒவ்வொரு முறையும் கேட்பேன்.
போன வாரத்துச் சம்மதம்
போன வாரத்தோடு போயிற்று.

இந்த வடக்கில் ஆமாம் என்பதற்குச் சொல் கிடையாது.
உதட்டைக் குவித்து
ஒரு மடக்குக் காற்றை
வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான்.
தெற்கே லுண்டிலிருந்து வந்த புதிதில்
பதறிப்போய் ஒரு கிழவரை
படுக்க வைத்திருக்கிறேன்,
மூச்சு முட்டுகிறதென்று நினைத்து.
அவர் காப்பிக்குச் சரி என்றிருக்கிறார்.

பாடப் புத்தகத்தில் இடுப்புத் தளத்தைக்
கடிகாரமாக வரைந்திருப்பார்கள்.
பன்னிரண்டு முன்னால், ஆறு பின்னால்.
யோர்டிஸுக்கு ஏழு மணியில் நின்றுவிட்டது.
நனைந்து உறைந்த கயிற்று முடிச்சு.
"இங்கேயா?"
பதில் இல்லை. கூரைப் பலகையின்
துளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.
மர ஆலையில் முப்பது வருஷம் கிடந்த ஸ்டூரே
இது பெண்கள் சமாசாரம் அல்லவா என்று
ஆறு வாரம் என் முகத்தையே பாராமல்
ஏரி மீன்களைப் பற்றிப் பேசினார்,
ஏழாம் வாரம் கண் கலங்கி,
நானூற்றுப் பன்னிரண்டு என்றார்.
இவள் கணக்கில் நானூற்றுப் பத்து.
எது சரியென்று எனக்குத் தெரியாது.
படுத்துப் பார்த்தால்தானே.

தளர்த்துங்கள் என்று சொல்லக் கூடாது.
சொன்ன கணமே இறுகும்.
யாரிடம் சொன்னாலும் இறுகும்.
அதனால் வானிலை பேசினேன்:
"நேற்றுப் பனி இருபது சென்டிமீட்டரா?"

உதடு குவிந்தது. காற்று உள்ளே போனது.
ஏழு மணியில், என் விரல்நுனிக்கு அடியில்
ஏதோ ஓர் எள்ளளவு இறங்கிக் கொடுத்தது.

நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.
ஆமாம் வாங்குவதற்கென்றே
அசட்டுக் கேள்விகளாகக் கேட்டேன்:
ஆறு உறைந்துவிட்டதா,
வண்டிக்கு மஞ்சள் விளக்கா,
டிசம்பரை அடுத்து ஜனவரியா.
ஜனவரிக்குச் சிரித்துவிட்டாள்.
சிரிப்பில் மறுபடி இறுகியது, பரவாயில்லை.

இதை அதிசயமென்று கோப்பில் எழுத முடியாது.
வலி: எட்டிலிருந்து ஆறு.
அடுத்த வாரம் ஏழு. பிறகு ஐந்து.
பத்து தடவைக்குத்தான் அனுமதி,
இது ஒன்பதாவது. பதினொன்றுக்கு எழுதிய
என் விண்ணப்பம் எந்த மேசையில்
பனி மூடிக் கிடக்கிறதோ.

நேற்றிரவு மூன்றரைக்கு
என் தெருவில் வண்டிச் சத்தம்.
படுக்கையறைக் கூரையில்
மஞ்சள் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.
அவள்தானா என்று தெரியாது,
நகரத்துக்குப் பதினான்கு ஓட்டுநர்கள்.
எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று
இருட்டில் படுத்தபடி யோசித்தேன்.
என் கடைவாய்ப் பற்கள்
ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.

காலையில் கார் வாசலை அடைத்துக்கொண்டு
இடுப்பளவு பனி,
வண்டி ஒதுக்கிவிட்டுப் போனது.
ஒன்பதரைக்கு முதல் நோயாளி.
மண்வாரியோடு நிற்கிறேன்.
பக்கத்து வீட்டு வென்லா
வேலிக்கு அப்பாலிருந்து கத்துகிறாள்,
கை கொடுக்கட்டுமா?

வாயைக் குவித்து
உள்ளே இழுக்கிறேன்.
குளிர் அடிவரைக்கும் போகிறது.